சத்தத்தைக் குறைத்தவர்

ரேடியோவில் புல்லாங்குழல் மெல்ல இழைந்துகொண்டிருந்தபோது சுவர் தட்டப்பட்டது. மூன்று தட்டு. பிழைதிருத்துநர் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான். பிழைதிருத்துநரின் மனைவி படுக்கையில் விழுந்த சமயத்தில் குடிவந்தவர், தனிக்கட்டை. அக்கம்பக்கத்தோடு பேசிப் பழகுவதெல்லாம் மனைவியின் இலாகா. இவர் தலையைக் குனிந்துகொண்டு படியேறி, தலையைக் குனிந்துகொண்டே இறங்குகிற ஆள். மனைவி போய்ச் சில மாதங்களாகியும் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரேடியோவும் மனைவியுடையதுதான். நடுச்சுவரை ஒட்டிய அலமாரியின் மேல், அவள் வைத்த இடத்தில், அவள் திருகிவிட்ட அளவிலேயே இருந்தது. அவருக்குப் பாட்டில் பெரிய பிடிப்பு எதுவும் கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன மறுநாள் காலை, கை தானாகப் போய் அதைப் போட்டுவிட்டது. அதிலிருந்து காலைப் பாட்டு நேரம்தான் அவருடைய நாள். ஒரு பாட்டில் டீ கொதிக்கும், அடுத்ததில் ரொட்டி சிவக்கும், அதற்கடுத்ததில் சட்டைக்கு இஸ்திரி. அவ்வளவு நேரமும் வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோல இருக்கும். செய்தி ஆரம்பித்ததும் ஒருவராகிவிடுவார்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மேளமும் டிரம்முமாக அதிர்ந்த பாட்டுகளுக்கெல்லாம் வாய் திறக்காத சுவர், ஒற்றைப் புல்லாங்குழலுக்குத் தட்டுகிறது என்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார், இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. ஆயுசு முழுக்க அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர் பிழைதிருத்துநர். ஓரத்தில் ஒரு கோடு விழுந்தால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது, திருத்த வேண்டும். தட்டு என்பதும் அவருக்கு அப்படி ஒரு கோடுதான்.

மனைவியின் விரல் பட்ட குமிழை முதல் தடவையாகத் திருகி, சத்தத்தைப் பாதியாக்கினார். சுவர் ஐந்து முறை தட்டியது.

மறுநாள் ஒரு தடித்த துண்டை நாலாக மடித்து ரேடியோவுக்கு அடியில் மெத்தை போட்டார். பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. இப்போது சுவரைக் கை தட்டவில்லை. கரண்டியோ பூட்டோ, ஏதோ இரும்புச் சாமான் தட்டியது.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன சார், ஒரே பக்கத்தை காலையிலேர்ந்து பார்த்துட்டிருக்கீங்க?"

"பக்கத்து வீட்ல சுவத்தத் தட்டறாங்கம்மா."

"எதுக்கு?"

"பாட்டுச் சத்தம்."

"நீங்க பாட்டு வைக்கிறீங்களா? ஃபேன் சத்தம் போடுதுன்னு அதையே நிறுத்தச் சொல்ற ஆளாச்சே சார் நீங்க!"

"அது அவளோட ரேடியோ."

அதற்கப்புறம் அவள் கேலி செய்யவில்லை. "நேர்ல போய் ஒரு வார்த்தை பேசிடுங்க சார். சுவத்தோட எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க?"

அன்று மாலையே மாடிப்படியில் அந்த அம்மாள் எதிரே வந்தார். பிழைதிருத்துநர் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு, உதட்டை மூடிய மீசைக்கு உள்ளேயே சொன்னார்: "மன்னிச்சுக்கங்கம்மா. காலையில சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கா?"

அந்த அம்மாள் குனிந்து, அவருடைய மீசையையே உற்றுப் பார்த்தார்.

"பாட்டு!" என்றார் திடீரென்று. மாடிப்படியே கிடுகிடுத்தது. "காலையில! பாட்டு!"

உள்ளங்கையை விரித்து மேலே, மேலே என்று தூக்கிக் காட்டினார்.

மேல் மாடியில்தான் வீட்டுக்காரர் குடியிருந்தார். விஷயம் மேலிடத்துக்குப் போகப்போகிறது என்று பிழைதிருத்துநருக்குப் புரிந்துபோயிற்று. வாடகை வீடு. காலி பண்ணச் சொன்னால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அந்த அலமாரியை, அந்த ஜன்னலை, அவள் நின்று தலை துவட்டிய இடத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

அடுத்த நாள் காலை ரேடியோ குளியலறைக்குக் குடிபோனது. கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் டீ டம்ளரை வைத்துக்கொண்டு அவர் பாட்டுக் கேட்டார். ஒரு பாட்டு முழுசாக முடியவில்லை, வாசல் கதவு இடிபட்டது.

ஓடிப்போய்த் திறந்தார். பக்கத்து வீட்டு அம்மாள். அவரை உச்சந்தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். திரும்பிப் போய்விட்டார்.

"குளியலறை வரைக்கும் கேட்டுடுச்சாம்மா அவங்களுக்கு!" என்று அலுவலகத்தில் அங்கலாய்த்தார்.

"அது காதா, என்னது? ஒரு ஹெட்ஃபோன் வாங்கிடுங்க சார்."

கடைக்காரர் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். "இதப் போட்டுக்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காது சார்."

"பக்கத்து வீட்டுக்கா?"

"உங்களுக்கு சார்."

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது. அதுதான் முக்கியம்."

"அவங்க வீட்ல என்ன சார் வச்சிருக்காங்க, போலீஸ் ஸ்டேஷனா?"

மறுநாள் காலை அவர் ரேடியோவைப் பழையபடி அலமாரியின் மேல் வைத்தார். ஹெட்ஃபோனைச் செருகி, காதில் மாட்டி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

உலகம் அடங்கிப்போயிற்று. பாட்டு மட்டும் இருந்தது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் பாடகி மூச்சை இழுப்பது அவர் காதருகே கேட்டது. ஹெட்ஃபோன் இல்லாமல் ஒருநாளும் கேட்காத சத்தம் அது. மனைவியின் கடைசி வாரத்தில் இப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. யாருக்கும் தொந்தரவில்லாமல் அழ முடிவதும் ஒரு சௌகரியம்தான் என்று நினைத்துக்கொண்டார். முகத்தில் காற்றுப் பட்டது. எங்கிருந்து வருகிறது என்று கண்ணைத் திறந்தார்.

வாசல் கதவு தரையில் கிடந்தது. அதன்மேல் உளியும் கையுமாகத் தச்சர் நின்றார். அவருக்குப் பின்னால் வாட்ச்மேன். இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மாள், கையில் கரண்டி.

"உசுரு இருக்குண்ணே!" என்று கத்தினார் தச்சர்.

"கண்ண முழிச்சுப் பாக்கறாரு, இதுல நீ வேற சர்டிபிகேட் குடுக்கணுமா?" என்றார் வாட்ச்மேன்.

பிழைதிருத்துநர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். கதவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. எழுந்துபோய், அலமாரியிலிருந்த ரேடியோவை இரண்டு கையாலும் எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"போதும்மா. கதவ உடைக்கிற அளவுக்கு வந்தாச்சு. இத நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே இந்த வீட்ல பாட்டே கேக்காது."

அந்த அம்மாள் ரேடியோவை வாங்கிக்கொண்டார். ஆனால் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஹெட்ஃபோன் வயரை வெடுக்கென்று பிடுங்கினார். அலமாரியின் மேலிருந்த துண்டை உருவிக் கீழே போட்டார். ரேடியோவைச் சுவரோடு ஒட்டி வைத்து, குமிழைக் கடைசிவரை திருகினார். டிரம் சத்தத்தில் டீ டம்ளர் மேஜையில் நகர்ந்தது. தச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, கதவில்லாத வாசலைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். சுவர் தட்டப்படவில்லை.

பிழைதிருத்துநர் வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டுச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"என்னப்பா காது இது அந்தம்மாவுக்கு? ஹெட்ஃபோன்ல ஓடினதுகூடவா கேக்கும்?"

"அவங்களுக்குக் காது சுத்தமா கேக்காதே சார்! உங்க வீட்டம்மாதான், 'நான் போனப்புறமும் இவரு தினம் பாட்டு வைப்பாரு, காலையில சுவத்துல கைய வச்சுப் பாருங்க, அதிரலைன்னா அவருக்கு என்னமோ ஆயிடுச்சு, உடனே தட்டுங்க'ன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."