நாலு படிக்கு முப்பத்தெட்டு வரிசை

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வேலையை எதை வைத்துச் செய்வது என்று ஆராய்கிற இனம். சமைக்கச் சொன்னால் கத்திகளை ஒப்பிடும். கடிதம் எழுதச் சொன்னால் எழுத்துருக்களை ஒப்பிடும். வீடு பற்றி எரிகிறது, தண்ணீர் கொண்டு வா என்றால், வாளியா குடமா என்று கேட்டுவிட்டு, இரண்டின் வாயகலத்தையும் அளக்க டேப்பைத் தேடும். சோம்பேறி என்று இதைத் திட்டிவிட முடியாது. பாவம், வியர்க்க விறுவிறுக்க உழைக்கும். அந்த உழைப்பில் வேலை மட்டும் நடக்காது.

கலப்படமில்லாத மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். கட்டட வரைபடங்கள் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் ஜன்னலோர மேஜை அவருடையது. பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. அலுவலகத்துக்கு அவர் தராசு. 'தராசு வந்தாச்சா?', 'தராசு டீ குடிச்சாச்சா?' இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இல்லை என்பதுதான். டீயா காபியா என்பது அவருக்குப் பதினொன்றரை மணிக்குத்தான் முடிவாகும். பதினொன்றேகாலுக்கு மெஷினை மூடிவிடுவார்கள்.

கணினியில் படம் போடுவதற்கு அந்த அலுவலகத்தில் இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றில் காகிதத்தில் போடுவது போலத் தட்டையாகக் கோடு போடலாம். நீளம், அகலம் எல்லாம் எண்ணாகப் பக்கத்தில் வந்து நிற்கும். இன்னொன்றில் பொருளையே உருவமாக எழுப்பலாம். சுற்றிப் பார்க்கலாம், உள்ளே புகுந்தும் பார்க்கலாம். முதலாவதைக் கும்பிடுகிறவர்கள் கோட்டுக் கட்சி. இரண்டாவதைக் கும்பிடுகிறவர்கள் உருவக் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு கட்சியும் டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடும். தராசு எந்தக் கட்சி? காலையில் கோடு, மாலையில் உருவம். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவது அவருக்குச் சுகமாக இருந்தது. நடுநிலை என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்.

இப்படியே அவர் ஓய்வு பெற்றிருப்பார். நமக்கும் சொல்லக் கதை இருந்திருக்காது. இடையில் நான்கு படிகள் வந்துவிட்டன.

தராசுக்கு ஒரு மச்சினி. மனைவியின் தங்கை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் போய்விட்டன, வாய் போகவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே படித்து, நகர நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்துப் பட்டியலிடும் வேலைக்குத் தேர்வெழுதி, முதலிடமும் வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் நூலகத் தலைவருக்கு ஓர் உண்மை தெரிந்தது. நூலகத்து வாசலில் நான்கு படிகள் இருந்தன. முப்பது வருடமாக அதில் ஏறி இறங்குகிற மனிதருக்கு அன்றைக்குத்தான் அவை கண்ணில் பட்டன. உடனே ஒரு கடிதம் போட்டார். சாய்தளம் அமையும் பட்சத்தில் வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பணியில் சேரலாம். அமையாத பட்சத்தில் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார்.

தேர்வில் தோற்றது கட்டடம். தண்டனை அவளுக்கு. எப்படி இருக்கிறது நியாயம்?

சாய்தளத்துக்கு வரைபடம் போடும் வேலை நம் அலுவலகத்துக்கு வந்தது. தலைமைப் பொறியாளர் அம்மாள் தராசைக் கூப்பிட்டார். "உங்க வீட்டுப் பொண்ணு விஷயம். நீங்களே போடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நல்ல மனுஷி. மனிதர்களைப் பற்றி மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

பதினாறு நாள் இருந்தது. படி ஒவ்வொன்றும் அரை அடி. நான்கு படி, இரண்டு அடி உயரம். ஓர் அடி ஏற, பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஆக இருபத்து நான்கு அடி. சுவரை ஒட்டி இருப்பது பதினெட்டு அடிதான் என்பதால், பாதி வழியில் ஒரு மேடை வைத்துத் திருப்ப வேண்டும். கணக்கு இவ்வளவுதான், நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்களே போட்டுவிட்டீர்கள். தராசும் போட்டுவிட்டார். முதல் நாள் முற்பகலிலேயே. பிறகு நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்து, இதைக் கோடாகப் போடுவதா, உருவமாக எழுப்புவதா என்று கேட்டுக்கொண்டார்.

கோடாகப் போட்டுப் பார்த்தார். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. சுவரில் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஜன்னல் கதவு ஒன்று உண்டு. அது எந்த உயரத்தில் வருகிறது என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. 'பார்த்தீங்களா' என்றது உருவக் கட்சி. உருவமாக எழுப்பினார். கதவு உட்கார்ந்து வருகிறவளின் நெற்றிக்கு நேராக வந்தது. தாழ்ப்பாள் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. ஆனால் உருவத்தில் எண்களைப் போட்டால் ஈ மொய்த்த மாதிரி இருந்தது. 'சொன்னோமா இல்லையா' என்றது கோட்டுக் கட்சி. அவ்வளவுதான். தராசு ஓர் அட்டவணையைத் திறந்தார்.

அந்த அட்டவணையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேகம், துல்லியம், திருத்தும் வசதி, கோப்பின் எடை, கண் வலி, மணிக்கட்டு வலி, பின்னணி நிறத்தின் இதம் என்று முப்பத்தெட்டு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை மதிப்பெண். எட்டு நாள் கழித்துக் கூட்டினார். கோட்டுக்கு இருநூற்று எழுபத்தொன்று. உருவத்துக்கும் இருநூற்று எழுபத்தொன்று. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். தராசின் முகத்தில், பெண்ணைக் கரையேற்றிய தகப்பனின் நிம்மதி. இனி மதிப்பெண் போடும் முறையையே ஆராயலாம் அல்லவா?

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டபடி கேட்டாள். "படம் முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"முடிஞ்சுதா, மாதிரியா?"

"ரெண்டுலயும் சாதகம் இருக்கு, பாதகம் இருக்கு. அவசரப்படக் கூடாது."

"அவ வேலைக்கு நாலு நாள்தான் இருக்கு. அவசரம் இல்லாம?"

தராசு குழம்பையும் ரசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி இரண்டையும் உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை, சாய்தளத்தை இரும்பில் செய்து கொடுக்கப்போகிற வெல்டர் போன் செய்தார். இரும்பை வாங்கிப் பட்டறையில் போட்டுவிட்டு ஒரு வாரமாகக் காத்திருக்கிற மனிதர். "அண்ணே, ஏதாச்சும் ஒண்ணு அனுப்புங்க" என்றார். தராசு நெருக்கடியில் ஒரு முடிவெடுத்தார். அதாவது உருவத்தையே சுழலவிட்டு ஒரு நிமிட வீடியோவாக்கி அனுப்பினார். காலை வெயில், நிழல், காற்றில் ஆடும் மரம். மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் மனித உருவம் ஒன்று, கோட்டு சூட்டுடன், கையில் பெட்டியுடன், சாய்தளத்தில் சிரித்துக்கொண்டே ஏறிப் போயிற்று.

அரை மணி கழித்து வெல்டரின் பதில் வந்தது. "மரம் அருமையா இருக்குண்ணே. நீளம் எவ்ளோ?"

சனிக்கிழமை காலை தராசு நூலக வாசலுக்குப் போனபோது வெல்டர் அங்கே இருந்தார். மச்சினியும் இருந்தாள். அவளை வரச் சொன்னது யார் என்று தராசு பார்வையால் கேட்டார். வெல்டர் வானத்தைப் பார்த்தார்.

மச்சினி வெல்டரின் போனை வாங்கி வீடியோவை முழுதாகப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"அத்தான், யார் இவரு?"

"அது சும்மா. அளவு புரியறதுக்காக ஒரு ஆளு."

"ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு. இவர் ஏன் படியில போகல?"

வெல்டர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார்.

"சரி, திரும்பற மேடை எத்தனை அடி?"

"மூணு அடி. ஒரு ஆளு தாராளமாத் திரும்பலாம்."

"பெட்டி வச்சிருக்கிற ஆளு திரும்பலாம்."

தராசு அவசரமாகப் பையிலிருந்து அட்டவணையை எடுத்தார். இரண்டு முறைகளையும் தான் எவ்வளவு நேர்மையாக எடை போட்டிருக்கிறோம் என்பதை அவள் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நிஜமாகவே நம்பினார். மச்சினி பொறுமையாக, வேகத்திலிருந்து பின்னணி நிறம் வரை, முப்பத்தெட்டையும் படித்தாள்.

"நல்லா இருக்கு அத்தான். இதுல என் நாற்காலி எத்தனாவது வரிசை?"

தராசு குனிந்து தேடினார். அந்தத் தேடலைத்தான் நான் மறக்க மாட்டேன். இல்லை என்று தெரிந்தும், விரலை வைத்து, ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை தேடினார். பதினான்கு நாளில் அவர் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் படம் யாருக்கு? வெட்டி ஒட்டுகிற வெல்டருக்கு எண் வேண்டும், கோடு போதும். வரைபடம் படிக்கத் தெரியாத நூலகத் தலைவருக்குப் பார்த்ததும் புரிய வேண்டும், உருவம் போதும். ஏறப்போகிறவளுக்கு இரண்டும் வேண்டாம். அவளுக்குச் சாய்தளம் வேண்டும்.

மச்சினி வெல்டரிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கினாள். நாற்காலியில் கால்வைக்கும் பலகையின் நுனியை ஒட்டி அதைப் பிடித்துத் தரையில் அழுத்தும்படி அவரிடமே சொன்னாள். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு சக்கரத்தைத் தள்ளி, நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். வெல்டர் குனிந்தபடி சாக்பீசோடு கூடவே ஓடினார். இரண்டாவது சுற்றில் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது சுற்றும் போனாள். தரையில் வெள்ளையாக ஒரு வட்டம். டேப்பை வைத்தார்கள். ஐந்து அடி.

"பன்னெண்டும் அஞ்சும் பதினேழு. சுவரு பதினெட்டு. ஒரு அடி மிச்சம்" என்றார் வெல்டர். "இதைத்தானேண்ணே கேட்டேன்?"

"அத்தான், இதை ஒரு பேப்பர்ல போட்டுக் குடுங்க. அண்ணன் இப்பவே வெட்ட ஆரம்பிக்கட்டும்."

தராசு அட்டவணையைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சட்டைப் பையைத் தொட்டார். உள்ளே ஒரு பென்சில், ஒரு பேனா. கை அந்தரத்தில் நின்றது.

"பென்சில்னா திருத்தலாம். ஆனா பேனா..."

"அத்தான்."

அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, தராசு கையில் அகப்பட்டதை எடுத்து வரைந்தார். நான்கே நிமிடம். நீளம், அகலம், கைப்பிடி உயரம், மூட வேண்டிய ஜன்னல் கதவு, எல்லாம் சுத்தமாக வந்தன. ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆள் கெட்டிக்காரர்தான். இந்த இனத்தில் மக்குகள் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். இந்த நான்கு நிமிடத்துக்காக ஒரு பெண், வேலை கையைவிட்டுப் போகுமோ என்று பதினான்கு நாளாகத் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். அந்த நான்கு படிகளைக் கட்டியபோது யாராவது அட்டவணை போட்டார்களா? சாதக பாதகம் பார்த்தார்களா? கொத்தனார் வந்தார், செங்கல்லை அடுக்கினார், போனார். ஒருத்தியை வெளியே நிறுத்த அரை நாள் போதும், யோசனையே வேண்டாம். அவளை உள்ளே விடுவதென்றால் மட்டும் ஆராய்ச்சி, நடுநிலை, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்கிற பக்குவம் எல்லாம் எங்கிருந்தோ வந்து குந்திக்கொள்கின்றன.

திங்கட்கிழமை காலை பத்துக்கு ஐந்து நிமிடம். பெயின்ட் காயாத சாய்தளத்தில் மச்சினி ஏறினாள். பன்னிரண்டு அடி, ஒரு திருப்பம், இன்னொரு பன்னிரண்டு அடி. திருப்பத்தில் தேவையே இல்லாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போனாள். வாசலில் நின்ற நூலகத் தலைவர் மணி பார்த்தார், சாய்தளம் பார்த்தார். ஜன்னல் கதவுகூட மூடியிருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாத வருத்தத்தில் வருகைப் பதிவேட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். அக்காள் படியில் ஓடி ஏறி அவளைக் கட்டிக்கொண்டாள். வெல்டர் கையில் பெயின்டோடு சாய்தளத்தில் நடந்து போய், தன் வேலையைத் தானே மிதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள்.

கீழே தராசு மட்டும் நின்றார். இடது பக்கம் நான்கு படி. வலது பக்கம் இருபத்து நான்கு அடி. படி சீக்கிரம், சாய்தளம் முட்டிக்கு நல்லது. இதற்கு முன் இந்த வாசலில் அவருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

"அத்தான், எதுல வேணாலும் ஏறுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஆனா ஏறுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? தெரியாதா? பரவாயில்லை, போய் எண்ணிவிட்டு வாருங்கள்.

என்ன, எழுந்திருக்கவில்லை? இப்போதே எண்ணுவதா, இதைப் படித்து முடித்துவிட்டு எண்ணுவதா என்றா யோசிக்கிறீர்கள்?

சரிதான். தராசுக்குப் பக்கத்து மேஜை காலியாகத்தான் இருக்கிறது.