'அதாவது' அண்ணனும் மூன்று செல்விகளும்

போடியில் ஒற்றைப் பேரோடு எவரும் ஜீப்பு ஏறியதாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் 'அதாவது' அண்ணன் ஏற விட்டால்தானே!

பிள்ளைகளே, கிழக்கு வெளுக்கும்போதே போடிமெட்டுக்கு மேலே இருக்கிற ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் வரிசை கட்டிவிடும். எந்த ஆள் எந்த ஜீப்பு என்று பேர் சொல்லி ஏற்றிவிடுவதுதான் அண்ணனுடைய சோலி. ஓர் இடத்தில் நிற்க மாட்டார். முதல் வண்டியில் குரல் கேட்கும், ஆள் மூன்றாவது வண்டியில் இருப்பார். டீயைக்கூட ஓடிக்கொண்டேதான் குடிப்பார். பாதி அவருக்கு, பாதி சட்டைக்கு.

"பாண்டி! அதாவது, தூக்குச்சட்டிய வீட்டுல வச்சுட்டு அடுத்தவன் சோத்துல கைய வைக்கிற பாண்டி! ரெண்டாவது வண்டில ஏறு!"

"அண்ணே, ஊரே கேக்குதுண்ணே!"

"கேக்கட்டும். இங்க நாலு பாண்டி நிக்கிறீங்க. நான் எவனன்னு கூப்புட?"

உங்கள் இலக்கணப் புத்தகத்தில் 'இருபெயரொட்டுப் பண்புத்தொகை' என்று ஒன்று வரும். என் மகள் அதைச் சத்தம்போட்டுப் படித்து முழித்துக்கொண்டிருந்தாள். நான் பத்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். மல்லிகைப்பூ என்கிறோம். மல்லிகையும் அதுதான், பூவும் அதுதான். ஒரே பொருளுக்கு ரெண்டு பேர், ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் 'ஆகிய' என்கிற சொல் ஒளிந்திருக்கிறது. எங்கள் அண்ணன் அதை ஒளிய விடமாட்டார். 'அதாவது' என்று வெளியே இழுத்துப்போட்டு, ரெண்டாவது பேரை ஒரு முழ நீளத்துக்கு விரித்துவிடுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பழக்கத்தால் ஒரு கல்யாணமே ஆட்டம் கண்டது. அண்ணனின் அக்காள் மகனுக்குக் கல்யாணம். யாரோ புண்ணியவான் இவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டான்.

"மாப்ள குமாரு! அதாவது, பொட்டிபுரத்துல பொண்ணு பாத்துட்டு வேணாம்னு வந்த குமாரு..."

பொட்டிபுரத்துக்காரர்கள் முதல் பந்தியில்தான் இருந்தார்கள். ரசம் வருவதற்குள் பந்தி எழுந்துவிட்டது.

இத்தனை நடந்தும் ஜீப்பு நிறுத்தத்தில் அவரை மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் ஆள் மாறி, வண்டி மாறி, தோட்டம் மாறி எவரும் போனதில்லை. ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். டிரைவர் ராசு, "இதென்ன பெரிய வித்தையா?" என்று அண்ணன் மாதிரியே கூப்பிடக் கிளம்பினான்.

நான் வேலைக்குப் போகிற தோட்டத்துக்கு மூன்று செல்விகள். அதில் ஒருத்தியின் புருஷன் கேரளாப் பக்கம் போனவன், திரும்பவில்லை. ராசு கையைத் தட்டிக் கூவினான்.

"செல்வி! அதாவது, புருசன் ஓடிப்போன செல்வி!"

நாலு பேர் சிரித்தார்கள். படியில் வைத்த காலைச் செல்வி கீழே எடுத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

மறுநாளும் வரவில்லை. காய் எடுக்கிற சமயம் அது. அவளும் அவள் மகனும் சாப்பிடுவது அந்த வேலையில்தான். நாளைக்கும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்து அண்ணன் காய்ச்சலோடு வந்து ராசுவைப் பிடித்தார்.

"ஏன்டா, ஒரு ஆளுக்கு ரெண்டாவது பேரு சொன்னா அந்தப் பேரும் அந்த ஆளாத்தான்டா இருக்கணும்! ஓடுனது அவன். அதக் கொண்டாந்து இவ தலையில ஏன்டா ஒட்டுன?"

அங்கிருந்து நேராகச் செல்வி வீட்டுக்கு. நானும் கூடப் போனேன்.

"நாளைக்கு வெரசா வா தாயி. நான் கூப்புடுறேன்."

"என்னன்னு கூப்புடுவீக?" என்றாள் செல்வி.

அண்ணன் தெரு முழுக்க ரெண்டு தடவை நடந்தார். அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் மறுநாள் செல்வி வந்தாள். ஒதுங்கித்தான் நின்றாள். மற்ற எல்லாரும் ஏறியாகிவிட்டது.

"செல்வி! அதாவது..." அண்ணன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அதாவது..."

"மதிண்ணே, மதி! லேட்டாகுது!" 'போதும்' என்பதைத் தோட்டத்து மலையாளத்தில் கத்தி ஹாரனை அடித்தான் ராசு.

"பேசாம இர்றா! செல்வி, அதாவது, ரொம்ப நல்ல..."

"நல்லதெல்லாம் வேணாம்ண்ணே," என்றாள் செல்வி. "முத்துன காய் எது, பிஞ்சு எதுன்னு பாக்காமலே தொட்டுச் சொல்லுவேன். அதச் சொல்லுங்க."

அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"செல்வி! அதாவது, கண்ணக் கட்டிவிட்டாலும் முத்துன காய மட்டும் தொட்டு எடுக்குற செல்வி! மொத வண்டி, முன் சீட்டு!"

முன் சீட்டில் கங்காணி இருந்தார்.

"அப்ப நான்?"

"பின்னால சாக்கு கெடக்குல்ல? எந்திரிங்க."

கங்காணி எங்களோடு சாக்கில் வந்து உட்கார்ந்தார். வண்டி மலை ஏறியது. செல்வி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பி, "அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சான்னு யாராச்சும் கேட்டீகளா?" என்றாள்.

எவரும் கேட்டிருக்கவில்லை.

போடிமெட்டில் சிக்னல் கிடைத்ததும் ஜீப்பில் இருந்த அத்தனை பேரும், ராசு உட்பட, ஒரே நேரத்தில் அவருக்குப் போன் போட்டோம். ஒருத்தர் லைனை ஒருத்தர் மறித்து, ஒருத்தருக்கும் லைன் கிடைக்கவில்லை.