நிற்காமல் சுற்றிய ஆஸ்பத்திரி

கட்டடக்கலையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் முதலாளி மவுஸைச் சுழற்றச் சொன்னதற்கு முன், சொன்னதற்குப் பின். சுழற்றிய திருக்கரம் அடியேனுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை, யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்.

கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டிக் காட்டும் மென்பொருளில் எங்களுக்கு வேலை. அதில் 'தரம்', 'வேகம்' என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு குமிழ் உண்டு. தரத்தின் பக்கம் தள்ளினால் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் படம் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். வேகத்தின் பக்கம் தள்ளினால் கட்டடம் பம்பரமாய்ச் சுற்றும். சுற்றும்வரை கதவு, குழாய், நாற்காலி எல்லாம் மறைந்து வெறும் பெட்டிகள்தான் தெரியும். கை நின்றால் போச்சு, அத்தனையும் பளிச்சென்று திரும்பி வந்துவிடும்.

சாதாரண மனிதர்கள் இதை ஒரு வசதி என்பார்கள். முதலாளி இதைத் 'தத்துவ'மாக உயர்த்தினார்.

"கைய மட்டும் நிறுத்திடாத. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரியின் புது மாடிக்கு ஒப்புதல் வாங்கும் கூட்டம். ஆஸ்பத்திரி நிர்வாகத் தலைவர் வந்திருந்தார். அந்த மாடிக்கு வரப்போகும் அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸும் வந்திருந்தார். நான் சுழற்றினேன். தலைவர் கூடவே கழுத்தைச் சுழற்றி, "அடேயப்பா, என்ன வேகம்!" என்றார்.

"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி," என்றார் நர்ஸ். "வார்டுல பாத்ரூம் எங்க இருக்கு?"

"சுத்தி வரும்போது வரும் சிஸ்டர்," என்றார் முதலாளி.

"எத்தனையோ சுத்து வந்தாச்சு. அது மட்டும் வரலையே சார்?"

"அதெல்லாம் சின்ன விஷயம். வேகத்துல சின்னது தெரியாது."

"ஆபரேஷன் ஆன ஆளுக்கு அதைவிடப் பெரிய விஷயம் என்ன சார் இருக்கு? தையல் போட்ட வயித்தோட மாடி எறங்கச் சொல்லுவீங்களா?"

தொழில்நுட்பம் புரியாதவர் ஒருவராவது எல்லாக் கூட்டத்திலும் இருக்கத்தான் செய்கிறார். இவர் அதோடு விடவில்லை. எழுந்து வந்து, நாடி பார்ப்பவர்போல என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன தம்பி, இப்படிப் படபடன்னு அடிச்சுக்குது?"

கை நின்றது. திரை தெளிந்தது. கழிவறைகள் இருக்கவேண்டிய மூலையில் தலைவருக்கென்று தனி அறை. சோபா, பூந்தொட்டி, பெரிய ஜன்னல்.

தலைவர் சோபாவின் நிறத்தைப் பாராட்டினார்.

"கம்ப்யூட்டர் கோளாறு சார்," என்றார் முதலாளி. "நின்னா இப்படித்தான் கண்டதையும் காட்டும்."

"நிக்கிறதே தப்புதான்," என்றார் தலைவர். "சுத்தும்போது எவ்வளவு அழகா இருந்துச்சு!"

'சுழலும் நிலையில் கண்டவாறு ஒப்புதல் அளிக்கப்படுகிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. படம் நின்றாலும் இனி பெட்டியாகவே காட்டும்படி குமிழை இறுக்கிவைக்க எனக்கு உத்தரவு. நர்ஸின் 'மேலான ஆலோசனை'க்கு நன்றி தெரிவிக்கப்பட்டது.

கட்டடம் எழும்பியது. போன வாரம் எனக்குக் குடல்வால் அறுவை. படுக்கை கிடைத்தது, சாட்சாத் அதே வார்டில்! தன் படைப்புக்குள்ளேயே படுக்கும் பாக்கியம் எத்தனை கலைஞர்களுக்கு வாய்க்கும்?

"எந்திரிங்க தம்பி," என்றார் நர்ஸ். "கீழ் மாடிக்குப் போகணும்."

லிப்ட் தலைவர் அறைக்கு நேராகத் திறக்கும், சாவி அவரிடம். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் உயிர் போய் உயிர் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

"சிஸ்டர், இன்னும் எவ்வளவு தூரம்?"

"சுத்தி வரும்போது வரும்," என்றார். ஆனாலும் தோள் கொடுத்தார்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. எங்கள் கட்டடத்தில் எந்தக் குறையும் இல்லை, ஒன்றைத் தவிர: கட்டி முடித்ததும் அது நின்றுவிட்டது.

முதலாளி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறாராம். மவுஸில் வேறு யாருடைய கையோ. அந்தக் கையை யாராவது உடனே பிடித்து நிறுத்துங்கள். பிள்ளைகளால் அவ்வளவு நேரம் அடக்க முடியாது.