தொடாதே பாடம்

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்குச் சென்னை அணி ஆடும் ஆட்டத்தைத் தன் வீட்டு டிவியில், தன் சோபாவில் உட்கார்ந்து, கையில் பாவம் ஒட்டாமல் பார்த்தே தீர்வது என்று ரூபன் ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தான். பெரிய முடிவுகளையெல்லாம் அவன் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பான். வாய் நிறைய நுரை இருக்கும்போது பெண்டாட்டியிடம் உளறிவிட முடியாது பாருங்கள்.

டிவி பார்க்க இத்தனை வைராக்கியமா என்று கேட்பவர்களுக்கு ரூபன் வீட்டுச் சங்கதி தெரியாது. ரூபன் யூதன். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால், நாலாவது மாடியில் இருக்கும் அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதிலிருந்து சனிக்கிழமை நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் சபாத், அதாவது ஓய்வு நாள். அந்த இருபத்தைந்து மணி நேரமும் அடுப்பைப் பற்ற வைக்கக்கூடாது, போனை எடுக்கக்கூடாது, எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை போட்ட விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சுற்ற விட்ட ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். லிஃப்ட் பட்டனும் ஒரு சுவிட்சுதான் என்பதால் நாலு மாடியும் நடைதான்.

எதிர் வீட்டு நடேசன் இரண்டு வருஷமாக அவர்களைக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்து டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி கேக்கோடு வந்து கைகுலுக்கினார். மூன்றாவது வருஷம் ரூபன் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினான். நன்றாகப் புரிந்துகொண்ட நடேசன் இப்போது அதே கேக்கை ஒரு வாரம் தள்ளிக் கொண்டுவருகிறார்.

ரூபனின் அப்பா கொங்கணக் கரையிலிருந்து வேலைக்காக ஆவடிக்கு வந்தவர். ரூபன் ஆவடி மண்ணிலேயே புரண்டு வளர்ந்து, இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி சிபோரா மும்பைக்குப் பக்கத்துத் தானேக்காரி. கல்யாணமான புதிதில் ரூபன் பேசிய மராத்தியை ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். அதைக் கேட்பதைவிடத் தமிழ் கற்றுக்கொள்வது சுலபம் என்று தீர்மானித்தாள். சொல்லிக்கொடுத்த குரு, கீழே காய்கறி வண்டி போடும் தாயம்மாள். அதனால் அந்த வீட்டில் ஆவடிக்காரன் 'என்ன இருக்கு' என்பான், தானேக்காரி 'இன்னா கீது' என்பாள்.

மகன் ஏலியாவுக்கு இரண்டரை வயசு. வீட்டில் ஏலி. மற்ற மாடிக்காரர்கள் வாயில் எலி. அவனும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தான். அரிசி டப்பா, செருப்பு, நடேசன் வீட்டுப் பால் கவர் எதுவும் அவன் கைக்குத் தப்பியதில்லை.

சபாத் கட்டளைகளில் ரூபன் முழு மனசோடு கடைப்பிடித்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மத்தியானத் தூக்கம். தேங்காய்ப்பால் மீன் குழம்பு உள்ளே போனதும் "ஆண்டவன் கட்டளை" என்று சோபாவில் சாய்ந்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்திருப்பான். அதுவரைக்கும் ஏலி சிபோராவின் பாடு. ஒரு சனிக்கிழமையாவது நீங்க புள்ளையப் பாத்துக்குங்க, நான் ஒரு மணி நேரம் கண்ணசந்துட்டு வரேன் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். ரூபன் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சரி என்பான். சொன்ன ஐந்தாவது நிமிஷம் குறட்டை கேட்கும்.

ஆனால் இந்தச் சனிக்கிழமை தூக்கத்தையே தியாகம் செய்யத் துணிந்துவிட்டான். இதில் தோற்றால் சென்னை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை அவன் மண்ணைக் கவ்வியிருக்கிறான். வேற்று மதத்தாரிடம் 'சுவிட்சைப் போடுங்கள்' என்று நேராகக் கேட்கக்கூடாது, ஜாடையாகச் சொன்னால் தவறில்லை என்று அப்பா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, ஒரு சனிக்கிழமை நடேசனை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்தான். டிவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். இன்றைக்கு மேட்ச் இருக்கிறது போல என்றான். நடேசன் நல்ல மனுஷர். "ஆமா சார், நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க" என்று எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இன்னொரு தடவை, வெள்ளிக்கிழமையே டிவியைப் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடட்டுமே என்று சிபோராவிடம் கேட்டான். தாராளமாக என்றாள். சூரியன் இறங்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவளே போட்டும் விட்டாள், குழந்தைகள் பாட்டுச் சேனலை. மாற்றவும் முடியாது, அணைக்கவும் முடியாது. இருபத்தைந்து மணி நேரம் ஒரு யானை நடனமாடியதை ரூபன் பார்த்தான்.

இந்தத் தடவை அவன் நம்பியது ஏலியை. விவரம் தெரியாத குழந்தை தானாகப் போய் ஒரு சுவிட்சைப் போட்டால் அதற்குப் பாவமில்லை. ஆனால் போடு என்று பெரியவர்கள் சொல்லக்கூடாது. ரூபனும் போடு என்று சொல்லப்போவதில்லை. தொடாதே என்றுதான் சொல்லப்போகிறான். தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற இரண்டரை வயசுப் பிள்ளையை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

டிவி சுவிட்சு ஏலியின் மூக்குக்கு நேரே, சுவரில் தாழ்வாக இருந்தது. ஞாயிறு சாயங்காலமே பாடம் ஆரம்பமாயிற்று. சிபோரா தாயம்மாளிடம் கீரை வாங்கக் கீழே போகிற நேரம்தான் பள்ளிக்கூடம். ரூபன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தொடாதே என்பான். ஏலி தொடுவான். டிவி வந்ததும் ரூபன் அவன் உள்ளங்கையில் ஒரு துண்டு கடலை மிட்டாயை வைப்பான். செவ்வாய்க்கிழமை ஏலி சுவிட்சைப் போட்டுவிட்டுத் தானே கையை நீட்டினான். புதன்கிழமை தொடாதே என்பதில் 'தொ' வருவதற்குள் ஓடினான். தன் பிள்ளை இத்தனை கெட்டிக்காரன் என்று ரூபனுக்கு அதுவரை தெரியாது. கண் கலங்கிவிட்டது.

கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் ஒரு தொல்லை உண்டு. சொல்லிக்கொடுத்ததோடு நிற்க மாட்டார்கள். வியாழக்கிழமை காலை, தண்ணியக் கொட்டாதே என்று சிபோரா சொன்னாள். ஏலி சொம்பைக் கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு, அம்மாவின் முன்னால் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னாங்க, இது இன்னா புதுப் பழக்கம்? கொட்டிட்டு கைய நீட்றான்."

ரூபன் இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல், "பண்ணது தப்புன்னு தெரிஞ்சு அடி வாங்கக் கைய நீட்டுறான். நல்ல பிள்ளை" என்றான்.

சிபோரா நல்ல பிள்ளையைப் பார்த்தாள். நல்ல பிள்ளையின் அப்பாவைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளப் போனாள். அவள் டிவி பக்கம் போய் வெகுநேரம் குனிந்து நின்றதை ரூபன் கவனித்தான்தான். தூசு தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் அவள் பேரீச்சம்பழ உருண்டை பிடித்தாள். சபாத்துக்கு என்றாள். இதிலும் அவனுக்குச் சந்தேகம் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, உலர்திராட்சை ரசத்தின் மேல் ஜெபம் சொல்லிக் குடித்தார்கள். சாப்பிடும்போது சிபோரா வழக்கம்போலக் கேட்டாள், நாளைக்கு மத்தியானம் ஒரு மணி நேரம் புள்ளையப் பாத்துக்கறீங்களா என்று. வழக்கம்போல ரூபன் சரி என்றான்.

சனிக்கிழமை மூன்றேகால். ரூபன் சோபாவில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஃபிளாஸ்கில் நேற்றே போட்ட டீ. சட்டைப் பையில் மூன்று கடலை மிட்டாய். சிபோரா அறை வாசலில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று இருபத்தெட்டுக்கு அவன் தொண்டையைக் கனைத்தான்.

"ஏலி, டிவி சுவிட்சைத் தொடாதே. இன்னைக்கு ஓய்வு நாள்."

ஏலி கையிலிருந்த காரைப் போட்டுவிட்டுச் சுவரை நோக்கி ஓடினான். இன்னும் இரண்டே அடி.

"ஏலி," என்றாள் சிபோரா துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பா மேல ஏறாதே."

ஏலி நின்றான். சுவிட்சைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அம்மாவின் மடியில் ஒரு டப்பா இருந்தது. அதற்குள் பேரீச்சம்பழ உருண்டை இருக்கிறது என்பது அவனுக்கு வியாழக்கிழமையிலிருந்தே தெரியும். திரும்பி ஓடிவந்து ரூபனின் வயிற்றில் ஏறினான். இறங்கிப் போய் அம்மாவிடம் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

ரூபன் சட்டையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டான். இதைத் தற்செயல் என்று நம்ப அவன் மனசு ஆசைப்பட்டது.

"ஏலி, சுவிட்சைத் தொடாதே. அப்பா சொல்றேன்ல."

"ஏலி, அப்பா முடியப் புடிச்சு இழுக்காதே."

"சுவிட்சு ஏலி, சுவிட்சு. தொடவே தொடாதே."

"அப்பா மூக்கக் கடிக்காதே கண்ணு."

கடலை மிட்டாயா, பேரீச்சம்பழ உருண்டையா என்று வந்தபோது பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எதிர் வீட்டில் நடேசன் 'ஆ' என்று கத்தினார். சந்தோஷக் கத்தலா, வயிற்றெரிச்சலா என்று தெரியவில்லை. ரூபனுக்கு அழுகை வந்தது. பாதி மேட்சினால், பாதி மூக்கினால்.

"ஏய், பிள்ளைய இப்படி ஏவலாமா? அதுவும் சபாத்துல?"

"நான் இன்னாத்த ஏவினேன்? ஏறாதேன்னேன், இழுக்காதேன்னேன், கடிக்காதேன்னேன். நீங்க இன்னா சொல்லிக்குடுத்தீங்களோ அதான்."

ரூபன் மூக்கைத் தடவிக்கொண்டான்.

"டிவி சுவிட்சுகிட்ட எறும்பு வரிசை கட்டிகினு நிக்குது. அதுங்களுக்கு இன்னா, மேட்ச் பாக்கணுமா? கீழ ஒரே கடலை மிட்டாய்த் தூளு." அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "மேட்ச் போனாப் போவுதுங்க. ரெண்டரை வருசமா ஒரு மத்தியானம் நான் கண்ண மூடல. ஓய்வு நாளுன்னு ஆண்டவன் எழுதி வெச்சது ஒங்க ஒருத்தருக்கா?"

ரூபன் அவளைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவனுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்த கடலை மிட்டாய் மூன்றையும் எடுத்து மேஜைமேல் வைத்துச் சரணடைந்தான்.

"நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்" என்றான். இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னான்.

ஆனால் இந்த மாதிரிச் 'சரி'களை சிபோரா நூறு சனிக்கிழமை கேட்டிருக்கிறாள். எழுந்து, உருண்டை டப்பாவைக் கொண்டுவந்து ரூபனின் கையில் கொடுத்தாள். பிறகு ஏலியின் முன்னால் குனிந்து, கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள்.

"கண்ணு, அம்மா எழுந்து வர வரைக்கும் அப்பாவத் தூக்கத்துல எழுப்பாதே. இன்னா?"

ஏலி பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான். அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரூபன் உஷாராக உட்கார்ந்தான். ஏலி தரையில் காரை உருட்டிக்கொண்டிருந்தான். ஃபேன் சுற்றியது. மீன் குழம்பு தன் வேலையை ஆரம்பித்தது. தூங்கப்போவதில்லை, ஒரு நிமிஷம் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளலாம் என்று ரூபன் சோபாவில் சாய்ந்தான்.

ஒரு சின்ன விரல் அவன் இமையைப் பிடித்து மேலே தூக்கியது. தூக்கிவிட்டு, கையை நீட்டியது.