இங்க குடு, நான் பாக்கறன்

உலகத்தில் கெட்டுப்போகிற பொருள்கள் ஏராளம். அவற்றை வைத்தியம் பார்த்துச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைப்பதற்கென்றே மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைத் தேடிக்கொண்டு நீங்கள் காடு மலையெல்லாம் அலையவேண்டாம். மிக்ஸி நின்றுபோனதாக வீட்டில் ஒரு பேச்சு அடிபட்டால் போதும், அது தானாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றும். ஃபேனுக்கு நேரே கிடக்கும் நாற்காலியில் உட்காரும். காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கையை நீட்டி, "இங்க குடு, நான் பாக்கறன்" என்று சொல்லும். கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்.

கள்ளக்குறிச்சியில் இந்த இனத்துக்கு உரக்கடை அறிவுச்செல்வன் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயராக இருக்கலாம். நீட்டிய கை ஒன்றுதான்.

அறிவுச்செல்வன் இளவயதில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் கடைச் சுவரில், யூரியா மூட்டைகளுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கிறது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எவ்வளவோ மாறிவிட்டது. அவர் மாறவில்லை. அவருடைய வைத்தியம் எப்போதும் ஒரு தட்டில் தொடங்கும். தட்டியும் கேட்காவிட்டால் அணைத்துப் போடுவார், போட்டு அணைப்பார், வயரைப் பிடுங்கி ஊதிச் செருகுவார், "வைரஸ்" என்று ஒரு முறை சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பார், அதற்கும் மசியாவிட்டால் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுப்பார். பொருள் பிழைத்துக்கொண்டால் கைராசி. செத்துப்போனால் சைனா சரக்கு. இரண்டில் எது நடந்தாலும் அவர் பேருக்குக் குறைவில்லை பாருங்கள்.

இப்படிப்பட்டவருக்குத் தாய்மாமன் என்கிற பதவியும் சேர்ந்துவிட்டால் கேட்கவேண்டுமா?

அவருடைய அக்கா கமலா கச்சிராயபாளையத்தில் இருக்கிறாள். அக்கா மகள் ரம்யா ஆராய்ச்சி மாணவி. கல்வராயன் மலையில் மூக்கன் என்பவருடைய சரிவு நிலத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, எந்தச் சாமை எந்த மழைக்கு எப்படி விளைகிறது என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடியில் விதைத்து அறுவடைவரைக்கும் மலைக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். கதிரை எண்ணி, மணியை நிறுத்து, தழையைப் படம்பிடித்து, காகிதத்தில் எழுதினால் மழையில் ஊறிவிடுகிறது என்று நேராக லேப்டாப்பில் ஏற்றினாள். லேப்டாப் திணறியபோது ஆலோசனை சொன்னவர் யார்? மாமாதான். "எல்லாத்தையும் கட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல போட்டுடு பாப்பா. லேப்டாப்பு குதிர மாதிரி ஓடும்." போட்டாள். லேப்டாப் ஓடியது. மூன்று வருட உழைப்பு உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்றில் அடங்கியது. இந்த வருடக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாகவேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கிய பஸ் ஒரு வளைவில் ஒடித்துத் திரும்பியபோது, மேலே வைத்திருந்த ரம்யாவின் பை கீழே விழுந்தது. வீட்டுக்கு வந்து டிஸ்க்கை மாட்டினால் கடக், கடக், கடக். அவள் கெட்டிக்காரி. உடனே பிடுங்கிவிட்டாள். விசாரித்ததில், உள்ளே படிக்கிற முள் அடிபட்டிருக்கிறது, இனி மின்சாரமே கொடுக்கக் கூடாது, கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் முள் தட்டைச் சுரண்டும், அப்படியே கொண்டுவந்தால் உள்ளே இருப்பதை எடுத்துத் தரலாம் என்று சென்னையில் ஒரு லேப்பில் சொன்னார்கள். பஞ்சு சுற்றி, டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி மேசைமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம்.

"இன்னா பார்சலு?" என்றார் அறிவுச்செல்வன்.

"டிஸ்க்கு மாமா. கடக் கடக்குனு அடிக்குது. சென்னைக்கு அனுப்பப் போறன்."

"சென்னைக்கா?"

அந்த ஒரு சொல்லில் எவ்வளவு வலி இருந்தது தெரியுமா? மடியில் உட்காரவைத்துக் காது குத்தினவர் அவர். மஞ்சள் நீராட்டுக்கு மேளத்தோடு சீர் கொண்டுவந்தவர் அவர். நாளைக்குக் கல்யாணம் என்றாலும் முதல் மாலை மாமன் மாலை. அப்படியிருக்க, அக்கா வீட்டில் ஒரு டிஸ்க் கெட்டு, அதை முன்பின் தெரியாத எவனோ தொடுவதா? தமக்குரிய முறையைத் தட்டிப் பறித்த மாதிரி இருந்தது அவருக்கு.

"இங்க குடு, நான் பாக்கறன்."

"வேணாம் மாமா. ஆன் பண்ணவே கூடாதுன்றாங்க."

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான். அவன் பொழப்பு அது."

"மாமன் இவ்ளோ ஆசையா கேக்கறான், குடேன்டி" என்றாள் கமலா. "இன்னா முழுங்கியா வுடப் போறான்?"

ரம்யா தாயைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள். படித்த பெண், ஆனால் அந்த வீட்டுப் பெண். கொடுத்துவிட்டாள். இதில் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாய்மாமனிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

வீட்டுக்குக் கொண்டுபோய் அறிவுச்செல்வன் முதலில் தட்டினார். பிறகு போட்டார், அணைத்தார், போட்டார். கடக் சத்தம் கரகரவென்று ஆயிற்று. சூட்டினால்தான் இப்படி ஆகிறது என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி, பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்கவைத்தார். காலையில் அது குளிர்ந்திருந்தது. வேறு முன்னேற்றம் இல்லை.

இனி திறந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அவரைச் சாதாரண முரடர் என்று நினைத்துவிடாதீர்கள். டிஸ்க்கைத் தூசி துளியும் இல்லாத அறையில்தான் திறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு திறக்கிறார்கள், அதையும் வீடியோவில் பார்த்திருக்கிறார். கள்ளக்குறிச்சியில் தூசியில்லாத அறைக்கு எங்கே போவது? கடையில் பொட்டாஷ் பறக்கும். கூடத்தில் ரோட்டுப் புழுதி. யோசித்து யோசித்து, வெள்ளிக்கிழமை தோறும் கழுவித் துடைக்கிற பூஜை அறையைத் தேர்ந்தெடுத்தார். தலைக்குக் குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். நல்ல காரியமாயிற்றே என்று நெற்றி நிறையத் திருநீற்றைப் பூசிக்கொண்டார். ஃபேனை நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

"உள்ள இன்னா பண்ணிக்கினு இருக்கறீங்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி செந்தமிழ்ச்செல்வி.

"பேச்சு குடுக்காத. எச்சி தெறிச்சா டிஸ்க்கு பூடும்."

மூடி கழன்றது. உள்ளே ரசம் பூசிய கண்ணாடி போல ஒரு வட்டத் தட்டு பளபளத்தது. அதில் தம் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் மூன்று பட்டையும் தெளிவாகத் தெரிந்தன. இத்தனை சின்ன இடத்தில் மூன்று வருடச் சாமையா என்று நிஜமாகவே வியந்துபோய், இன்னும் கொஞ்சம் குனிந்தார். நடுப்பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை உதிர்ந்தது.

தொடாதே என்று அவர் மனசு ஒரு தரம் சொல்லத்தான் செய்தது. மற்றவர்களுக்கு யோசனை சொல்லியே பழகியவருக்குத் தம் மனசு சொல்கிற யோசனை எங்கே காதில் விழும்? தூசி விழுந்தால் நல்ல மனிதர் எவரும் செய்வதைச் செய்தார். ஊதினார். ஊதியும் போகாததை வேட்டி முனையால் அழுத்தித் துடைத்தார்.

மறுநாள் டிஸ்க் கச்சிராயபாளையம் திரும்பியது. கூடவே, காகிதத்தில் மடித்த ஒரு திருகாணி. "இது எக்ஸ்ட்ரா. இல்லாட்டியும் ஒண்ணும் ஆவாது" என்றார். "எனக்கு எட்டின வரைக்கும் பாத்துட்டன் பாப்பா. நீ பேசாம சென்னைக்கே அனுப்பிடு." சென்னை என்பதே அவருக்குத் தோன்றிய யோசனை போலத்தான் சொன்னார்.

லேப்பிலிருந்து போன் வந்த அன்றைக்கும் மாமா இருந்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ரம்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், இத யாராவது தொறந்தாங்களா?"

ரம்யா மாமாவைப் பார்த்தாள். மாமா ஃபேனைப் பார்த்தார். அது கொஞ்சம் ஆடுகிற மாதிரி அவருக்குத் தோன்றியது.

"உள்ள சாம்பல் மாதிரி ஏதோ பொடி இருக்குதுங்க. தொடச்ச கோடு தட்டு பூரா. வெறுமனே கீழ வுழுந்ததுன்னா எடுத்துக் குடுத்திருப்போம். இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

"சாம்பல் இல்ல தம்பி, அது துண்ணூறு" என்று கமலா போனுக்குள் திருத்தினாள். "அதால ஒண்ணும் கெடுதல் வராது."

முதல் வருடக் கணக்கு மட்டும் பேராசிரியருக்கு அனுப்பிய மெயிலில் இருந்தது. மற்ற இரண்டு வருடமும் போயிற்று. சாமையை அவசரப்படுத்தி விளையவைக்க முடியாது. அதற்கு மழை வரவேண்டும், ஆடி வரவேண்டும், அடுத்த ஆடியும் வரவேண்டும். ரம்யா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது. "மூக்கன் அண்ணன்கிட்ட இன்னும் ரெண்டு வருசத்துக்கு நெலம் கேக்கணும்" என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

அறிவுச்செல்வனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. கஷ்டம் வந்தால் அவருக்கு யோசனை வரும், அவ்வளவுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அதான் நான் எப்பவும் சொல்றது. பேக்கப்பு எடுத்து வச்சிக்கினு இருக்கணும் பாப்பா."

"ஆமா மாமா" என்றாள் ரம்யா.

அதன் பிறகு நடந்ததுதான் அதிசயம். அக்கா வீட்டில் எதுவுமே கெடுவதில்லை. "இன்னா, எல்லாம் வேல செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே அவர் நுழையும்போது, ரம்யா லேப்டாப்பை மூடிவிட்டு, "நல்லா இருக்குது மாமா" என்கிறாள். டிவியின்மேல் துண்டு போர்த்தியிருக்கிறது; கரண்ட் இல்லை என்கிறாள் கமலா, தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்னசேலத்து மச்சான் வீட்டிலும் இதே கதை, தியாகதுருகத்துப் பங்காளி வீட்டிலும் இதே கதை. அறிவுச்செல்வனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

"பாத்தியா, நாம சொல்லிக் குடுத்ததுல எல்லாரும் பொருள ஒழுங்கா வச்சிக்கக் கத்துக்கினாங்க" என்றார் மனைவியிடம்.

"ஆமாங்க" என்ற செந்தமிழ்ச்செல்வி, இரண்டு நாளாக ஓடாத மிக்ஸியைக் காலாலேயே அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள். சற்றுப் பொறுங்கள். போன மாதம் தங்கை வீட்டுக்குப் போனீர்களே, அங்கே எல்லாம் நன்றாக வேலை செய்ததா? நண்பர் வீட்டில்? மகன் வீட்டில்? நீங்கள் கேட்கும் முன்பே, "ஒண்ணும் ரிப்பேர் இல்லீங்க" என்று யாராவது சொன்னார்களா?

எங்கே போனாலும் ஒரு சாமானும் கெடவில்லை என்றால், உங்கள் கையைக் கொஞ்சம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.