பப்படம் அண்ணாச்சியும் பாதி உரித்த கிட்டாரும்

திருவனந்தபுரத்துக் காற்றின் ஈரத்தை அரசாங்கத்தைவிடத் துல்லியமாக அளந்தவர் ஒருவர்தான். அவருடைய கருவி, பொரித்த பப்படம்.

மார்த்தாண்டத்துக்காரர். கதவு, கட்டில், அலமாரிக்கு பாலிஷ் போடுபவர். பெயரை யாரும் கேட்டதில்லை. பப்படம் அண்ணாச்சி என்றால் எங்கள் ஸ்ரீவராகம் பேட்டை முழுக்கத் தெரியும். வந்ததும் ஒரு பப்படம் பொரிக்கச் சொல்லி மதில்மேல் வைப்பார். பத்து நிமிடம் கழித்துக் கடிப்பார். நொறுங்கினால் மரத்துக்குப் பளபளப்பு தரும் லாக்கர் பூச்சை அடிப்பார். வளைந்தால், எந்தக் கொம்பன் வீடானாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஈரக்காற்றில் அடித்தால் லாக்கர் வெள்ளை பூத்துவிடுமாம்.

நான் அவரிடம் போனது பீதியில். என் மனைவி மீனா கணக்கு டீச்சர். கல்லூரியில் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டாரை இருபத்தைந்து வருஷம் கழித்துப் பரணிலிருந்து இறக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டுவிழாவில் வாசிக்கப் போகிறாள். அங்கங்கே பொக்கு விட்டிருந்த கறுப்புப் பெயிண்டைப் பார்த்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த நல்ல கணவன் விழித்துத் தொலைத்தான். பெயிண்டை உரித்து, மரத்தின் நிறத்திலேயே பளபளவென்று நீட்டினால் அசந்துவிடமாட்டாளா?

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கம்பி, ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெயிண்ட் உரிக்கும் திரவத்தைத் தாராளமாகத் தடவினேன். பாதி உரிந்தது. மீதி ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுத்தது. சுரண்டச் சுரண்ட, கிட்டார் சொறி பிடித்த எருமைக்கன்று மாதிரி ஆனது.

மீனா வந்து பார்த்தாள். பாடம் நடத்துகிற நிதானமான குரலில் சொன்னாள்.

"ஏன்னா, வெள்ளிக்கிழமை நான் கிட்டாரோட மேடையில நிக்கணும். இல்லேன்னா உங்களை நிக்க வெச்சு வாசிச்சுடுவேன்."

திங்கட்கிழமை, கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு வயிற்றுப்போக்கு என்று மெயில் அனுப்பிவிட்டு (மீனா சொன்னதைக் கேட்டபிறகு அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது) அண்ணாச்சியை அழைத்துவந்தேன். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு சாரே இதைக் கடிச்சது?"

"கடிக்கலை அண்ணாச்சி, நான்தான் உரிச்சேன்."

"வாழைப்பழமா உரிக்கதுக்கு?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமா?"

"மரத்தை நான் பாத்துக்கிடுவேன். மழையை நீங்க பாத்துக்கிடணும்."

இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரில் கன்னத்தை வைத்து இழைவார். கைக்குத் தட்டுப்படாத கீறல் கன்னத்துக்குத் தெரியுமாம். எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். செவ்வாய் சாயங்காலம், வெளிர் மஞ்சளில் அழகாக வரியோடிய மரம் வெளியே வந்தது.

புதனன்று ஐப்பசி மழையும் வந்தது. பப்படம் வளைந்தது. சட்டையை மாட்டினார். வியாழன் காலையும் மேகம் இறங்கி நின்றது. அண்ணாச்சி குழாயடிக்குக் கை கழுவப் போன இடைவெளியில், மதில்மேல் இருந்த பப்படத்தை எடுத்துவிட்டுச் சட்டியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். வந்து கடித்தார். நொறுங்கியது. நான் வானத்தைப் பார்த்து வியப்பது போல நடித்தேன்.

அவர் மெதுவாக மென்றார்.

"சாரே, பப்படத்தைச் சூடாக்குத காத்தை இப்பதான் காணுதேன்."

சட்டையை எடுத்தார். கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஜோக் வரும். வரவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா அவ ராப்பகலா வாசிக்கறா. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போய்க் கிடக்கு."

அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சட்டையை ஆணியில் மாட்டினார்.

"மழையா நானான்னு பாத்துருவோம். நீங்க பொரிச்சிட்டே இரும்."

அரைமணிக்கு ஒன்றாகப் பதினோரு பப்படம். பத்து வளைந்தன. மூன்று மணிக்குக் காற்று திரும்பி, பதினோராவது 'மொறுக்' என்றது. ஓடிப்போய் ஸ்ப்ரேயைக் கையில் எடுத்தார். மெல்லிசாக இரண்டு பூச்சு. வெள்ளி காலை வெயிலில் இன்னும் ஒன்று. மத்தியானம் மீனாவே ஒயர்களைப் பற்றவைத்துக் கம்பிகளைப் பூட்டினாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. அவள் கிளம்பும்போது அண்ணாச்சி எச்சரித்தார்.

"டீச்சரே, மேல காஞ்சாச்சு, உள்ள காயல்ல. நெஞ்சோட சேத்துப் பிடிக்கப்பிடாது, கேட்டியளா?"

சாயங்காலம் மேடையில், முதல் பாட்டு முழுக்க மீனா, அடுத்த வீட்டுக் குழந்தையை வாங்கியவள் போலக் கிட்டாரைத் தள்ளியே பிடித்து வாசித்தாள். இரண்டாவது பாட்டில் மறந்துபோனாள். கண்ணை மூடினாள், கிட்டாரை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள். என் பக்கத்தில் அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, ஒட்டுதே! ஐயோ, ஒட்டுதே!" என்று தாளம் தப்பாமல் புலம்பினார்.

வாசித்து முடித்துப் பார்த்தால், கிட்டாரின் முதுகில் மீனாவின் பட்டுப்புடவைக் கரையின் கட்டங்கள் அச்சாகப் பதிந்திருந்தன.

மறுநாள் விடியும்போதே உப்புத்தாளோடு வந்துவிட்டார். "அரை மணிக்கூர் போதும் டீச்சரே, அழிச்சுத் தாரேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அது நான் வாசிச்ச அன்னிக்கு விழுந்தது. இருக்கட்டும்."

அவருக்கு மனசு ஆறவில்லை. மாதம் ஒருமுறை வந்து, அந்தக் கரையின் அச்சைத் தடவிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார். எந்த மாதமாவது வராவிட்டால், கிட்டாரில் புதிதாக ஒரு கீறல் விழுந்திருக்கிறதென்று பொய் சொல்லி நானே போய்க் கூட்டிவருகிறேன்.