கம்பவுண்டர் அண்ணாச்சி கட்டிப்போட்ட சேவல்

சங்கரன்கோவிலில் வேதாகமம் படித்தவர்கள் எத்தனையோ பேர். படித்துவிட்டுக் கூரைமேல் ஏறி ஓட்டைப் பிரித்தவர் எனக்குத் தெரிந்து கம்பவுண்டர் அண்ணாச்சி ஒருவர்தான்.

அவருடைய பெயர் சபைப் பதிவேட்டில் இருந்திருக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சண்டே ஸ்கூலுக்குத் தலைவர். எழுபதுகளின் கடைசியில், இருபத்து மூன்று வயதில், டீச்சர் வேலைக்கென்று அந்த ஊரில் போய் இறங்கினேன். இரண்டாவது வாரமே என்னை சண்டே ஸ்கூலுக்கும் டீச்சராக்கிவிட்டார்கள். மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வேதபகுதியைச் சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆசிரியர்கள் கூடிப் படித்துத் தயார் செய்ய வேண்டும். அதற்கு ஆயத்த வகுப்பு என்று பெயர்.

முதல் சனிக்கிழமை வகுப்பறைக்குள் நுழைந்தேன். தலையில் பொலபொலவென்று மண் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால், கூரையிலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் கால்கள் உள்ளே போய், அந்த ஓட்டை வழியாக ஒரு மூக்குக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"பயப்படாதிய டீச்சரம்மா! நாளைக்கு, கூரையைப் பிரிச்சு இறக்குன திமிர்வாதக்காரன் பாடம்லா? நாலு பேரு சேந்து ஒரு ஆளைப் படுக்கையோட இறக்கணும்னா எத்தனை ஓடு எடுக்கணும்னு பாக்கேன். பதினேழு ஆயிட்டு. இன்னும் ரீப்பர் கட்டையை அறுக்கணும். ஐயர்தான் விடமாட்டேங்காரு."

எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் கீழே நின்று ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, "இறங்கும் வே, முதல்ல இறங்கும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி இறங்கி வந்து என் தலையைக் காட்டினார். "பாத்தியளா? கீழ உக்காந்து பிரசங்கம் பண்ணிட்டிருந்த ஆண்டவர் தலையிலயும் இப்படித்தான கொட்டியிருக்கும்? ஒரு வார்த்தை திட்டலையே! அதைப் பிள்ளையளுக்குச் சொல்லணும்லா."

ஓடுகள் திரும்பக் கூரை ஏறுவதற்குள் மழை வந்துவிட்டது. ஞாயிறன்று பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். அந்தப் பாடத்தை இன்றுவரை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதுதான் அவர் முறை. "செஞ்சு பாக்காததைப் பிள்ளையள்ட்ட சொல்லப்படாது" என்பார். அனனியா பொய் சொல்லி விழுந்து செத்த பகுதியை ஆயத்தம் செய்த சனிக்கிழமை, பேசிக்கொண்டே இருந்தவர் கண்ணாடியோடு தரையில் சாய்ந்தார். அசைவே இல்லை. மூத்த ஆசிரியை ரூபி அக்கா அழத் தொடங்கிவிட்டார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் டாக்டரை இழுத்து வந்தேன். டாக்டர் குனிந்து நாடியைப் பிடித்தபோது பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"அனனியா ஆச்சு. அவன் பொண்டாட்டி சப்பீராளுக்கு யாரு விழுதிய?"

டாக்டர் நிமிர்ந்தார். "வே கம்பவுண்டர், இனிமே நீரு நெசமாவே செத்தாலும் நான் வரமாட்டேன்."

அந்த வருடம், விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைதான் அது நடந்தது. எப்போதும் எட்டுப் பக்கம் குறிப்பு எழுதி வருகிறவரின் நோட்டு அன்று வெறுமையாக இருந்தது. பகுதி சின்னதுதான். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்கிற பகுதி.

"இந்த வாரம் வேற பாடம் வச்சுக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வாய்க்கொழுப்பு. "ஏன் அண்ணாச்சி, இதைச் செஞ்சு பாக்க முடியாதா? இதுக்கு ஓடுகூடப் பிரிக்க வேண்டாமே!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. நோட்டை மூடினார், எழுந்து போய்விட்டார்.

"என்ன காரியம் பண்ணிட்ட ஏட்டி!" என்று ரூபி அக்கா என் கையைப் பிடித்தார். "அவருக்கு வாசுதேவநல்லூர்ல ஒரு தம்பி இருக்காரு. சைக்கிள் கடை. பதினோரு வருசமா பேச்சுவார்த்தை இல்ல. அவங்க அம்மா கல்லறையில வச்சு, அத்தனை பேரு முன்னால தம்பி இவரு சட்டையைப் பிடிச்சுட்டாருன்னு கோவம்."

மறுநாள் எங்கள் சபைக் கோவில் நிறைந்திருந்தது. வாழைத்தார், பூசணிக்காய், புது வேட்டி என்று ஆளுக்கொன்றை ஏந்தி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு நாலு பேர் முன்னால் அண்ணாச்சி, கக்கத்தில் ஒரு செவலைச் சேவலோடு. பீடத்தின் முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வரிசை முட்டி நின்றது. ஐயர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அண்ணாச்சி கொடுக்கவில்லை. குனிந்து, சேவலின் காலில் இருந்த கயிற்றைப் பீடத்துக் கம்பியில் கட்டினார். திரும்பி, நடுவழியே விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.

"கம்பவுண்டர்!" என்று ஐயர் அங்கியோடு நின்று கத்தினார். கோவிலுக்குள் அவர் கத்தி அன்றுதான் கேட்டோம்.

"வச்சுட்டுப் போறேன் ஐயரே, வாரேன்!"

பாட்டு நின்றுபோயிற்று. வாயைப் பொத்தியவர்கள் பொத்தியபடியே இருந்தார்கள். ஐயர் ஒருவழியாகப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதில், சேவல் கூவுமுன் மூன்று தடவை ஆண்டவரை மறுதலித்த பேதுருவின் பேச்சே வரவில்லை. ஆனாலும் சேவல் மூன்று தடவைக்கு மேலேயே கூவியது.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். சேவலுக்கு ஒருவர் விலை கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, "அது இன்னும் காணிக்கையே ஆகலை ஐயரே" என்று குறுக்கே போய் நின்றேன். ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு கம்பவுண்டர் பத்தாதுன்னு..." என்றவர், சேவலை விட்டுவிட்டார்.

மூன்றரை மணிக்கு அண்ணாச்சி தனியாக வந்தார். சட்டையெல்லாம் புழுதி.

"தம்பி என்ன சொன்னாரு?"

"'சாயங்காலம் பாடம் நடத்தணும்னு வந்தியாக்கும்'னு கேட்டான். இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை டீச்சரம்மா."

படியில் உட்கார்ந்துகொண்டார். "பதினோரு வருசமா எனக்கு அவன்மேல குறைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நேத்துதான் வசனத்தை ஒழுங்காப் படிச்சேன். அவனுக்கு என்மேல குறை இருக்கான்னுல்லா அதுல கேக்கு! அம்மை செத்தப்ப அவன் மெட்ராஸ்ல இருந்தான். தந்தியைத் தாமசமாத்தான் குடுத்தேன். அவன் வந்து சேரமாட்டான்னு நானா முடிவுபண்ணி அடக்கம் பண்ணிட்டேன். மறுநா காலையில வந்து நிக்கான், அம்மை முகத்தைக் காட்டுன்னு. ஐஸ் வச்சு ஒரு நாள் வைக்கத் தெரியாதா எனக்கு? கம்பவுண்டர்லா நான்!"

நான் உள்ளே போய் அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் முன்னால் நின்றார். "இந்தப் பாடம் இன்னும் ஆயத்தமாகல மக்கா. ஆனதும் சொல்லுதேன்" என்று ஜெபம் செய்து அனுப்பிவிட்டார். சேவலை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடுத்த ஞாயிறு கோவிலில் அவர் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. காலை பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போகிறார் என்று தெரிந்ததும் கமிட்டிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். சண்டே ஸ்கூல் தலைவரே ஆராதனைக்கு வரவில்லை என்றால்? பதவியை எடுத்துவிடுவதாகப் பேச்சு அடிபட்டது. நான் அவர் வேலைபார்க்கும் இடத்துக்கே போய்விட்டேன்.

"அங்கன போயி என்னதான் செய்யுதிய அண்ணாச்சி?"

"கடை வாசல்ல உக்காந்திருக்கேன். பஞ்சர் பாக்குத தொட்டிக்குத் தண்ணி மாத்துதேன்."

"தம்பி பேசுதாரா?"

அவர் முகம் மலர்ந்தது. "இந்த வாரம் பேசிட்டாம்லா! 'தள்ளி உக்காரு'ன்னான்."

ஏழாவது ஞாயிறு. காணிக்கை நேரத்தில் கோவில் வாசலில் ஒரு சலசலப்பு. திரும்பினேன். அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில், அதே மூக்கோடு, நகக்கண்ணெல்லாம் கிரீஸ் கறையோடு இன்னொருத்தர். சேவல் அவர் கையில் இருந்தது. ஏழு வாரம் தின்று கொழுத்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்கு. கோழியென்றாலே பயப்படுகிற ஐயர், மறுபேச்சில்லாமல் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜெபம் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு மறந்தே போயிற்று.

சாயங்காலம் பிள்ளைகள் கூடினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பாடம் நடத்துகிறவர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"எனக்கு ஒரு தம்பி. நான் செஞ்சது தப்புன்னு அவன்ட்ட போயிச் சொன்னேன். அந்தா, பின்னால பெஞ்சுல இருக்கான் பாருங்க. அவ்வளவுதான் மக்கா பாடம்."

பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்க, அந்த மனிதர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஒரு கைக்குட்டை தரும்படி என் பக்கம் கையை நீட்டினார். கொடுத்தேன். அது முன்பே நனைந்திருந்தது.